இரண்டாவது சுற்று

சோபாவை நிமிர்த்திப் பிடித்தால் கால்கள் கதவு நிலையில் இடித்தன. படுக்கவைத்தால் முதுகு இடித்தது. ஊர்தியோடு வந்திருந்த ஆட்கள் இருவரும் மறுபடியும் அதைத் தரையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்கள்.

"உள்ள எப்படிம்மா கொண்டு வந்தீங்க இதை?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

"தெரியலைங்க. அவர்தான் கொண்டு வந்தார்" என்றாள் அவள்.

"அப்ப தம்பியைத்தான் கேக்கணும்" என்று சமையலறை வாசலிலிருந்து நாத்தனார் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூத்தவர் சுவர்க் கடிகாரத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

தம்பி தெருவில், அமரர் ஊர்திக்குள் கிடந்தார்.

கடைசியில் சோபாவைச் செங்குத்தாக நிறுத்திச் சுவரோரம் சாத்திவைத்தார்கள். அது ஓர் ஆளைப் போல நின்றது. துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்கட்டும். வீட்டை விட்டுப் போனவரைத் தூக்கிவந்து கூடத்தில் கிடத்துவதைவிட அது ஒன்றும் கோணல் இல்லை.

முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் சொல்லிப் பார்த்தாள். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸுக்கே கொண்டுபோகலாமே, அங்கேதானே இருந்தார் என்று. நாத்தனார் அவள் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஆபீஸ்ல கிடத்தறதுக்கு அவன் என்ன வாட்ச்மேனா? வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கா. புள்ள வந்துகிட்டு இருக்கான். வாயை மூடிக்கிட்டு வா."

அதற்குப் பிறகு அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் போனது மழைக்காலத்தின் தொடக்கத்தில். மதியம் வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். வேலை அதிகமா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். என் மேல் ஏதாவது கோபமா? இல்லை. பின்னே என்ன என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. போதும்னு தோணுது" என்றார். இன்னும் கொஞ்சம் போடவா என்று கரண்டியோடு நிற்கையில் சொல்லுவாரே, அதே போதும், அதே குரல். ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்தார். ஷேவிங் செட்டை எடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, மகனுக்கு இப்போது தெரியவேண்டாம், லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவள் சரி என்றாள். அந்தப் பேச்சில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

ஒருத்தி இருப்பாள் என்று அவள் காத்திருந்தாள். தெரிந்தவர்களிடம் ஜாடையாக விசாரித்தாள். ஒரு நாள் ஆபீஸுக்கு எதிரே இருந்த துணிக்கடைக்குள் நின்று, எதையும் வாங்காமல் வெகுநேரம் துணிகளைப் புரட்டியபடி பார்த்தாள். அவர் வண்டியில் வந்து இறங்கினார். பூட்டைத் திறந்தார். வாளியில் தண்ணீர் பிடித்து வாசலைத் தானே கழுவிவிட்டார். ஒருத்தி இருந்தால் அவளைத் திட்டலாம், சபிக்கலாம், எதில் குறைந்துபோனேன் என்று கண்ணாடி முன்னால் நின்று அழலாம். யாரும் இல்லை. ஒரு கட்டிலும் மின்விசிறியும் கிடந்த காலி அறையிடம் அவள் தோற்றிருந்தாள்.

இந்தச் சங்கதி தெரிந்த மூன்றாவது ஆள் நாத்தனார் மட்டும்தான். அவளும், ஆம்பளைங்களுக்கு அந்த வயசுல இப்படி ஒரு கிறுக்கு வரும், தானா வருவான் என்று சொல்லி முடித்துவிட்டாள். மற்றவர்களுக்கு இவள் ஒரு முட்டிவலியைத் தயார் செய்தாள். அந்த ஆபீஸின் முன்னறையில்தான் இத்தனை வருஷமும் சாலை விதி வகுப்பு எடுத்துவந்தாள். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள், அவளை டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்க, இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தக் குறி இருந்தால் முந்தக்கூடாது என்று பலகையைக் காட்டிச் சொல்ல அவளால் முடியாது. முட்டிவலி, நின்று பாடம் எடுக்க முடியவில்லை என்று வகுப்பை விட்டுவிட்டாள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கடைத்தெருவில் மாணவர் யாரையாவது கண்டால் நொண்ட வேண்டியிருந்தது. எந்தக் கால் என்பது சில சமயம் மறந்துபோயிற்று. போன வாரம் வலது கால்னு சொன்னீங்களே டீச்சர் என்று ஒருவர் கேட்டார். இப்ப இதுக்கும் வந்துடுச்சு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆட்கள் அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். சக்கரம் வைத்த ஒடுக்கமான கட்டில். கூடத்தின் நடுவில் நிறுத்தி, சக்கரங்களுக்குத் தடை போட்டார்கள். ஆபீஸ் அறையிலிருந்து நாத்தனார் எடுத்துவந்த வெள்ளைச் சட்டையை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டிருந்தார்கள். மூத்தவர் தலையை நேராக வைத்தார். கையை எடுத்ததும் அது மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சாய்ந்தது.

"ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டார் போல. துண்டு ஏதாவது குடுங்கம்மா, சுருட்டி வைக்கலாம்."

அவள் துண்டு கொண்டுவந்து தூர இருந்தே நீட்டினாள்.

"பாரு, உன் பக்கம்தான் திரும்பறான்" என்றாள் நாத்தனார்.

தலைமாட்டில் ஒரு நாற்காலி போடப்பட்டது. மனைவிக்கான நாற்காலி அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வந்தவர்கள் யாரும் அதில் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். அவ்வளவு தூரம் நடக்க முடியலை, முட்டி, என்றாள். நாத்தனார் அவளைப் பார்த்த பார்வை கன்னத்தில் விழுந்த அறையைப் போல இருந்தது.

காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஒவ்வொருவரும் தான் வாங்கிய திட்டைச் சொன்னார்கள். எதிரில் வருவது பஸ்ஸா, உன் மாமியாரா, இப்படி ஒதுங்கறியே என்று தன்னைக் கேட்டதாக ஒரு பெண் சொன்னாள். லாரி ஓட்டும் ஒருவர், இப்பவும் மலைப்பாதையில் கியர் மாற்றும்போது காதில் அவர் குரல்தான் கேட்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். மாஸ்டர் வண்டியில ரேடியோ எதுக்கு, அவர் வாயே போதும் என்றார் இன்னொருவர். அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குக் கிடைத்ததைவிட இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து அதிகம் வார்த்தைகள் கிடைத்திருந்தன.

நாத்தனாரிடம் வேறொரு கதை இருந்தது. மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறார். வண்டி இந்த வாசலில் வந்து நின்றதாம். போய்விட்டு மறுபடியும் வந்து நின்றதாம். மாஸ்டர் வீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். வருகிற ஒவ்வொருவரிடமும் நாத்தனார் அதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நீண்டது. போற உசுருக்கு எங்க போகணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க என்றாள். கேட்டவர்கள் திரும்பி ஸ்டூலைப் பார்த்தார்கள். நீங்க பாக்கலையா டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள்.

"உள்ள வேலையா இருந்தேன்" என்றாள் அவள்.

அவள் பார்த்திருந்தாள்.

அந்தத் தெரு ஒரு முட்டுச்சந்து. அவர்கள் வீட்டோடு முடிகிறது. வண்டியைத் திருப்பப் பழகுவதற்கு இதைவிட வாகான இடம் இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே மாணவர்களை அவர் இங்கேதான் கூட்டிவருவார். உள்ளே வந்து, வாசலில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி வெளியே போய், மேம்பாலம் வழியாகப் பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு மறுபடி ஒரு தடவை வருவார்கள். யாராக இருந்தாலும் இரண்டு சுற்று. கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் கேட்டால் அவள் வாசலுக்கு ஓடி வருவாள். பிறகு ஓடிவரவில்லை, ஆனால் காது மட்டும் வேலையை நிறுத்தவில்லை. அவர் வீட்டை விட்டுப் போனதும் வண்டி இந்தத் தெருவுக்குள் வருவது நின்றது. விளையாட்டு மைதானத்துப் பக்கம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். துணிகளை எடுத்துக்கொண்டு போனதைவிட அதுதான் அவளைச் சுட்டது. போனவர் வழியையும் மாற்றிக்கொண்டார்.

முந்தின நாள் காலையில் அந்தச் சத்தம் திடீரென்று தெருவுக்குள் வந்தது. அவள் முன்னறை ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்து வாசலில் நின்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் அவர். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எப்போதும் குச்சி மாதிரி நிமிர்ந்து உட்காருகிறவர், அன்று தலையைக் கார்க் கண்ணாடியில் சாய்த்து, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத்தான். அந்தச் சாய்வில் ஒரு களைப்பு இருந்தது. ஏதோ கேட்க வந்தவரின் களைப்பு. அவள் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். நெஞ்சு அடித்த வேகத்தில் வண்டி திரும்பிப்போன சத்தம்கூட அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாவது சுற்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் முகத்தைக் கழுவினாள். தலையை அவிழ்த்து மறுபடி வாரினாள். சாயம்போன உடுப்பைக் கழற்றிவிட்டு வேறு மாற்றிக்கொண்டாள். என்ன சொல்லவேண்டும் என்று கூட்டிப் பார்த்தாள். எதுவும் சொல்லவேண்டாம் என்று தீர்மானித்தாள். வண்டி வந்தபோது ஜன்னலில் முழுசாகத் தெரியும்படி நின்றாள். அதே சாய்வு, அதே முகம். அவள் நேருக்கு நேர் பார்த்தாள். வழக்கமாகக் கண்ணை முதலில் எடுப்பவர் அவர்தான். அன்று எடுக்கவில்லை. போதும் என்று சொன்னாயே, இப்போது பார், நன்றாகப் பார் என்று நின்றாள். பிறகு ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள். நிதானமாக மற்றதையும் சாத்தினாள். வெளியே கேட்கும்படி தாழ்ப்பாளைப் போட்டாள்.

அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு தூங்கினாள். போன் மணிதான் எழுப்பியது.

ஒரு நொடியில் போயிருக்கும், பக்கத்திலேயே டாக்டர் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். எந்த நொடி என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தாழ்வாரத்திலிருந்து இந்த ஸ்டூல்வரை அவள் சுமந்துகொண்டிருந்தது அது ஒன்றைத்தான். இரண்டாவது சுற்றில் உயிர் இருந்திருந்தால், அவர் வந்தார், பார்த்தார், அவள் அவர் முகத்தின் மேல் ஜன்னலைச் சாத்தினாள், அவர் அதோடு போனார். உயிர் இல்லை என்றால் அவர் வரவே இல்லை. முதலாவது நினைக்கவே பயங்கரமாக இருந்தது. ஆனால் அவளுக்கு அதுதான் வேண்டும். கொன்றவளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறாள். தேடி வரப்பட்டவளாக இருக்கவேண்டும்.

மருந்துக்கடைப் பெண் வந்தபோது எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். கடையின் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள். கட்டிலுக்கு அருகில் போகாமல், நிமிர்த்திவைத்த சோபாவுக்குப் பக்கத்தில் அதைப் போலவே நின்றாள்.

"மருந்துக்கடையில நிக்கிற பொண்ணு" என்று நாத்தனார் யாருக்கோ சொல்வதைப் போல எல்லோருக்கும் சொன்னாள். "பக்கத்துல உக்காந்திருக்கறது உசுரா சவமான்னு தெரியாம ஊரைச் சுத்தியிருக்கா."

பெண் தலை குனிந்தாள். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"உள்ள வா. தண்ணி குடி" என்று சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தாள்.

அந்தப் பெண் தம்ளரை வாங்கிக்கொண்டாள். "முட்டி எப்படி இருக்கு டீச்சர்?" என்றாள்.

"இருக்கு. நீ சொல்லு. வழியைச் சொல்லு. ஆபீஸ்லேர்ந்து கிளம்பினதுலேர்ந்து எந்த இடத்துல என்ன சொன்னார்னு வரிசையாச் சொல்லு."

பெண் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். பெட்ரோல் பங்க் முன்னால் வண்டி அணைந்துபோயிற்று. ஊர்வலமா போறோம் என்று திட்டினார். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரரைப் பார்த்தாளாம். அவரைக் கட்டிக்கப் போறியா, முன்னால பாரு என்றார். மேம்பாலம் ஏறும்போது கியரைக் காட்டி, மூணு போடு என்றார். போட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லலை டீச்சர்."

"பாலம் இறங்கினதும்?"

"இல்ல."

"தெரு முனையில திரும்பச் சொல்லியிருப்பாரே. அவர் சொல்லாம நீ எப்படி உள்ள வந்தே?"

பெண் தம்ளருக்குள் பார்த்தாள். "நானாத்தான் திரும்பினேன். இப்பல்லாம் மைதானத்துப் பக்கம்தானே போறோம். நேத்து பழைய ஞாபகத்துல இண்டிகேட்டரைப் போட்டுட்டேன். போட்டப்புறம்தான், ஐயோ, இந்தத் தெருவுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காரேன்னு ஞாபகம் வந்துச்சு. பின்னால பஸ் வேற. இப்ப கத்தப்போறார்னு நினைச்சுக்கிட்டே திரும்பினேன். கத்தலை. சரி, இன்னிக்குப் பரவாயில்லை போலன்னு..."

"போகக்கூடாதுன்னு சொன்னாரா?"

"ரிப்பேர் வேலை நடக்குதுன்னார்."

அவள் சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"அவர் பேசாம இருந்தா நான் சரியா ஓட்டறேன்னுதானே அர்த்தம் டீச்சர்?" என்றாள் பெண். குரல் உடைந்தது. "முதல் நாளே அதைத்தான் சொல்லிக் குடுத்தார். நான் வாயைத் திறக்கலைன்னா நீ சரியாப் போறேன்னு வச்சுக்கோன்னு. நான் அப்படித்தான் வச்சுக்கிட்டேன்."

கல்யாணமான முதல் மாதத்தில் அவளுக்கும் அவர் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அதே வாக்கியத்தோடுதான் ஆரம்பித்தார். வண்டியை அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள், வாக்கியத்தை விடவில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். வாங்கிய திரைத்துணி, பிள்ளையைச் சேர்த்த பள்ளிக்கூடம், படுக்கையில் அவர் பக்கம் திரும்பிய இரவுகள், திரும்பாத இரவுகள் எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டார், சரிதான் என்று மேலே போவாள். வருஷம் ஏற ஏற அவர் பேச்சு குறைந்தது. தனக்கு இந்த வாழ்க்கை நன்றாகப் பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ரெண்டாவது தடவை?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"எப்பவும் ரெண்டு தடவைதானே. அதான் வந்தேன். ரிவர்ஸ் அவ்வளவு அழகா வந்துச்சு டீச்சர். ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை. அவர் பக்கத்துப் பிரேக்குல அவர் காலை வைக்கவே இல்லை, நானே பிரேக்கு, நானே எல்லாம். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. பாட்டுக்கூட முணுமுணுத்தேன்." அவள் மடித்த கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்தே பேசினாள். "ஆபீஸ்ல போய் நிறுத்திட்டு, மாஸ்டர் இன்னிக்கு எப்படின்னு கேட்டேன். அப்பத்தான்."

அவள் ஒருக்களித்திருந்த கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

"நீங்க ஜன்னலைச் சாத்தினீங்களே, நான் பார்த்தேன். வண்டிச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கு போல, முட்டிவலியோட படுத்திருந்திருப்பீங்கன்னு நினைச்சேன். மனசுக்குள்ள சாரி சொல்லிக்கிட்டேன்."

ஆக, தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டது இந்தப் பெண் மட்டும். தலை வாரி, உடை மாற்றி, இருபத்தைந்து வருஷத்தையும் திரட்டி அவள் சாத்திய சாத்தல், எங்கேயோ மருந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முகத்துக்கு நேரே விழுந்திருந்தது. அதற்கு அந்தப் பெண் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மேம்பாலத்துலயே நான் அவரைப் பார்த்திருந்தா? நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?" பெண் முகத்தை எடுத்து அவளைப் பார்த்தாள். "சொல்லுங்க டீச்சர்."

டாக்டர் சொன்னதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் ராத்திரிகள் அதில் மீண்டுவிடும். அவள் தம்ளரை வாங்கிக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். மூணு போடு என்று நினைத்துக்கொண்டாள். உலகத்தில் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அதுவும் அவளுக்கு இல்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தமும், நாத்தனார் பெரிதாக அழும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. மகன் வந்துவிட்டான்.

விமானத்தில் போட்டிருந்த உடுப்போடு, தோளில் பையோடு அவன் உள்ளே வந்தான். முதலில் சோபாவைத்தான் பார்த்தான். "இதை ஏன் இப்படி நிக்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். பிறகு கட்டிலைப் பார்த்தான். பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே குனிந்து அப்பாவின் கையைத் தொட்டான். குளிர் அவன் முகத்துக்கு ஏறுவது தெரிந்தது. நாத்தனார் பையை அவன் தோளிலிருந்து கழற்றினாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். நேற்றுக் காலையில் சாப்பிட்டாரா? வலி என்று ஏதாவது சொன்னாரா? எந்தச் சட்டை போட்டிருந்தார்? அதற்கெல்லாம் அவளிடம் பதில் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. அவள் சாப்பிட்டார் என்றாள். வலி ஒன்றும் சொல்லவில்லை என்றாள். சட்டையின் நிறத்தை மட்டும் சரியாகச் சொன்னாள். அதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள்.

"போன வாரம்கூடப் போன்ல அப்பா எங்கேன்னு கேட்டேன். கிளாஸுக்குப் போயிருக்கார்னே" என்றான் அவளிடம். "நான் எப்ப கூப்பிட்டாலும் கிளாஸ்லயே இருந்தாரேம்மா."

அவன் சும்மாதான் சொன்னான். ஆனால் நாத்தனாரின் கை அவன் முதுகில் அப்படியே நின்றது.

"என்னடா அப்படிச் சொல்றே" என்று நாத்தனார் அவசரமாக ஆரம்பித்தாள். "கிளாஸ்ல இருந்தாலும் அவன் நெனப்பு பூரா வீட்டு மேலதான். கடைசில எங்க வந்தான் தெரியுமா? இந்த வாசலுக்கு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. மாடிவீட்டுக்காரரைக் கேளு. உங்கம்மாவைப் பாக்காம போக மனசு வரலை அவனுக்கு."

மகன் நிமிர்ந்தான். "அம்மா, நீ பார்த்தியா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். லாரிக்காரர், திட்டு வாங்கிய பெண், மாடிவீட்டுக்காரர். எல்லோருடைய முகத்திலும் ஒரே ஆசை இருந்தது. அவளுக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம், மருந்துக்கடைப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கழுத்தில் தெரிந்தது.

"பார்த்தேன்" என்றாள் அவள். "ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்."

"அப்ப உள்ள வேலையா இருந்தேன்னீங்களே டீச்சர்" என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. நாத்தனார் அந்தத் திசையைப் பார்த்தாள். குரல் அடங்கியது.

மகன் சமையலறைக் கதவுக்கு வந்தான். "நீங்கதானே அப்பாவோட இருந்தது? ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

பெண் அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தாள். அவள் சும்மா நின்றாள்.

"மேம்பாலம் இறங்கினதும்..." என்று பெண் தொடங்கினாள். அவள் முகத்தை மறுபடி பார்த்தாள். "தெரு முனையில திரும்பச் சொன்னார்."

மகன் காத்திருந்தான்.

"வீட்டுப் பக்கம் போகலாம்னார்." இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "டீச்சருக்கு முட்டி சரியில்லை, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்னார்."

நாத்தனார் பெருங்குரலெடுத்தாள். இந்தத் தடவை அழுகை உண்மையாக இருந்தது. மகன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பெண்கள் சிலர் எழுந்து வந்து அவளைத் தோளோடு அணைத்து, வாங்க, இப்பவாவது வந்து உக்காருங்க என்று தலைமாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த நாற்காலியை யாரோ கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டார்கள்.

அவள் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரத்தில் அவரை அருகில் பார்ப்பது இப்போதுதான். கன்னத்தில் ஷேவிங் செய்யும்போது பட்ட சின்னக் கீறல் இருந்தது. சட்டையின் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது. அதை அவர் எப்போதும் மாட்டிக்கொள்வதில்லை, இறுக்குகிறது என்பார். அவள் முன்னால் குனிந்து, இரண்டு கைகளாலும் அதை மாட்டிவிட்டாள்.